கரடியின் பசியும் வங்காநரியின் பசியும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் தரையில் பரப்பியிருக்கும் பழக்கூடைகளைப் பார்த்தாலே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். தை, மாசியில் இலந்தை. சித்திரை பிறந்ததும் பண்ருட்டிப் பலா. ஆனி, ஆடியில் நாவல். வாங்கித் தின்கிற பிள்ளைகளின் நாக்கெல்லாம் ஊதா. மழைக்காலம் நெருங்கும்போது சீத்தா. ஆப்பிள் ஆண்டு முழுவதும் கிடைக்கிற இந்த நாளிலும் கூடைக்காரப் பெண்களின் பழங்கள் பருவம் பார்த்துத்தான் வருகின்றன.

இந்தப் பழங்களுக்குக் காட்டிலும் மேட்டிலும் காத்திருக்கும் வேறு இருவர் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் கரடியின் எச்சத்தைக் கிளறிப் பார்த்தால் இலந்தைக் கொட்டை, நாவல் கொட்டை, சரக்கொன்றை விதை எல்லாம் கிடைக்கும். வறண்ட மேட்டுநிலத்தில் சின்ன நரி ஒன்று போட்டுவிட்டுப் போன எச்சத்திலும் அதே இலந்தை, அதே நாவல். இரண்டிலும் பழத்தோடு சேர்ந்து கறையான் தலைகளும் வண்டுகளின் ஓடுகளும் கிடக்கும். ஒன்று 100 கிலோ எடையுள்ள விலங்கு. மற்றது 2 முதல் 4 கிலோ, வீட்டுப் பூனையின் எடை. இருவர் தின்பதும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, உடம்பின் அளவு மட்டும் இத்தனை மாறினால் வாழ்க்கை என்ன ஆகும்? இயற்கையே ஒரு சோதனையை நடத்தி விடையையும் நம் முன்னால் வைத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் அந்த விடையைப் படித்துப் பார்க்கலாம்.

எந்தக் கரடி, எந்த நரி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கரடி என்று நாம் சொல்வது நீண்ட கறுப்பு மயிரும் மார்பில் வெளுத்த வளைவும் கொண்ட தேன்கரடி. இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் வாழ்கிறது. நரி விஷயத்தில்தான் குழப்பம் வரும். இரவில் கூட்டமாக ஊளையிடுவது, ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய பெரிய நரி, அது வேறு. இங்கே பேசுவது சாம்பல் உடம்பு, பெரிய காது, நுனி கறுத்த புசுபுசு வால் உள்ள சின்ன நரியைப் பற்றி. நூல்கள் இதை இந்திய நரி, வங்காள நரி என்று குறிக்கின்றன. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில் வங்காநரி என்பார்கள். மண்ணில் புழங்கும் பெயர் அது என்பதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு விலங்குகளுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் ஒரே மனிதர்: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஷா. வங்காநரிக்கு 1800இல் பெயர் வைத்தார். அதில் சிக்கல் எதுவும் இல்லை. 1791இல் கரடிக்குப் பெயர் வைத்தபோதுதான் தடுமாறினார். வளைந்த நீண்ட நகங்கள், வழக்கத்துக்கு மாறான பல்வரிசை. இரண்டையும் பார்த்தவர் இது கரடியே அல்ல, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத் இனம் என்று முடிவுசெய்து, அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார். உயிருள்ள விலங்கைப் பார்த்தவர்கள் பின்னால் அதைத் திருத்தினார்கள். ஆங்கிலப் பெயரில் மட்டும் அந்தச் ‘ஸ்லாத்’ இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1799இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாட்டிபஸ் தோலைப் பார்த்து, வாத்து அலகை யாரோ ஒட்டித் தைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டவரும் இதே ஷாதான். பல்லாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, தோலையும் எலும்பையும் மட்டும் வைத்துக்கொண்டு உலகத்து உயிர்களை வகைப்படுத்த வேண்டியிருந்த காலம் அது. புதுச்சேரித் துறையிலிருந்தும் இப்படித்தான் பறவைகளும் விலங்குகளும் பாடம் செய்யப்பட்டுப் பாரிசுக்குப் போயின. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருக்கும் சொன்னெரா, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசுக்காக இந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர்.

ஷாவைத் தடுமாற வைத்த பற்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வங்காநரிக்கு 42 பற்கள். கரடி இனங்களுக்கும் பொதுவாக 42தான். தேன்கரடிக்கு மட்டும் 40. மேல்வரிசையின் நட்டநடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடத்தில் ஓர் இடைவெளி. அது எதற்கு என்பது இந்தக் கதையின் நடுப்பகுதியில் வரும்.

கரடியும் நரியும் ஊனுண்ணிகள் என்ற ஒரே பெரும் வரிசையில் வருபவை. பூனை, புலி, கீரி ஒரு கிளையாகவும் நாய், நரி, கரடி இன்னொரு கிளையாகவும் பிரிந்தன. இந்த இரண்டாம் கிளையிலிருந்து நாய்க் குடும்பம் முதலில் தனியே போய்விட்டது. அது நடந்து 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். அதன் பிறகே மிச்சமிருந்த கூட்டத்திலிருந்து கரடிகள், கடலில் வாழும் சீல்கள், நீர்நாய்கள் எல்லாம் கிளைத்தன. ஆக, கரடிக்கு நரியைவிட நீர்நாய் நெருங்கிய உறவு. நாய்க் குடும்பம் வட அமெரிக்காவில் தோன்றி நெடுங்காலம் அங்கேயே இருந்துவிட்டு, கடைசி ஒரு கோடி ஆண்டுக்குள்தான் ஆசியாவுக்கு வந்தது. இரண்டு வேறு பாதைகளில் வந்த இரண்டு உயிர்கள் தக்காணத்துக் கறையான் புற்றுக்கு முன்னால் சந்தித்துக்கொண்டன என்பது எனக்கு இன்னும் அலுக்காத வியப்பு.

இனி பசிக் கணக்கு. 2.5 கிலோ வங்காநரி ஒன்றையும் 100 கிலோ கரடி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். எடையில் 40 மடங்கு வித்தியாசம். சாப்பாடும் 40 மடங்கு வேண்டுமா? வேண்டாம். 1932இல் மேக்ஸ் கிளைபர் என்ற உடலியல் அறிஞர் சின்னப் பறவை முதல் மாடு வரை பல உயிர்களின் ஆற்றல் செலவை ஒப்பிட்டு, உடம்பு பெருகும் வேகத்தில் செலவு பெருகுவதில்லை என்று காட்டினார். எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே அது உயர்கிறது. அந்தக் கணக்குப்படி 40 மடங்கு கனமான கரடிக்கு ஏறத்தாழ 16 மடங்கு ஆற்றல் போதும். வேறு விதமாகச் சொன்னால், ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் வங்காநரி கரடியைப் போல இரண்டரை மடங்கு எரிக்கிறது. சின்ன உடம்புக்கு அடிக்கடி பசிக்கும். பெரிய உடம்புக்கு ஒருவேளைப் பசியே பெரிதாக இருக்கும்.

16 மடங்கு என்பதே பூச்சி தின்னும் விலங்குக்கு மலை போன்ற தொகை. லண்டனில் கிறிஸ் கார்போன் என்ற ஆய்வாளர் 1999இல் தம் குழுவினரோடு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்து ஊனுண்ணிகளை எடை வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது, சுமார் 21 கிலோவில் ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே உள்ளவை பூச்சி, எலி, ஓணான் என்று சின்ன இரைகளில் காலம் தள்ளுகின்றன. அதற்கு மேலே போனால் மானையோ மாட்டையோ அடித்தாக வேண்டும். காரணம் எளியது. ஒரு விலங்கு ஒரு மணி நேரத்தில் பொறுக்கக்கூடிய பூச்சிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. உடம்பு பெருத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொறுக்குவதற்கான அலைச்சலுக்கே வரவு போதாது.

வங்காநரி இந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிம்மதியாக இருக்கிறது. தேன்கரடி கோட்டைத் தாண்டி ஐந்து மடங்கு உயரத்தில் நின்றுகொண்டு, மானை அடிக்காமல், பழமில்லாத மாதங்களில் பெரும்பாலும் கறையானையும் எறும்பையும் தின்று வாழ்கிறது. கணக்குப்படி பட்டினியில் செத்திருக்க வேண்டும். சாகவில்லை என்றால் கறையானைத் தனித்தனியாகப் பொறுக்காமல் மொத்தமாக எடுக்க அதற்கு ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வழி அதன் முகத்தில் இருக்கிறது. கரடி முதலில் புற்றை மோந்து எங்கே தோண்டினால் கூட்டின் உள்ளறை அகப்படும் என்று கண்டுபிடிக்கும். வெயிலில் காய்ந்த புற்று மண் கடப்பாரைக்கே மசியாது. விரல் நீளத்துக்கு வளர்ந்த முன்னங்கால் நகங்களால் அதைப் பெயர்த்து எடுக்கும். பிறகு மூக்கை உள்ளே விட்டு, துருத்தி போலக் காற்றை ஊதிப் புழுதியை விரட்டும். அடுத்ததுதான் விசேஷம். நாசித் துளைகளை இறுக மூடிக்கொள்ளும். வேறு கரடிகள் இப்படிச் செய்வதில்லை. மயிரில்லாத நீண்ட உதடுகளைக் குழலாகக் குவிக்கும். முன்பற்கள் இரண்டு இல்லாத அந்த இடைவெளி வழியாக, குழிந்த மேலண்ணத்துக்குள் காற்றோடு சேர்த்துக் கறையான்களை இழுக்கும். கறையான், அதன் முட்டை, குஞ்சு எல்லாம் கொத்தாக உள்ளே போகும். உறிஞ்சும் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஷா பார்த்துக் குழம்பிய பல்லில்லா இடைவெளி, ஒரு விலங்கு 100 கிலோ எடையில் கறையான் தின்று வாழ்வதற்கான வாசல்.

இதோடு இன்னும் இரண்டு உதவிகள். ஒன்று, சிக்கனம். எறும்பு, கறையான் தின்னும் பாலூட்டிகள் பலவற்றின் உடல் அடுப்பு அவற்றின் எடைக்கு எதிர்பார்ப்பதைவிட மெதுவாகவே எரிகிறது. தேன்கரடியும் அப்படித்தான் என்று பிரையன் மெக்நாப் என்ற ஆய்வாளர் 1992இல் அளந்து காட்டினார். இன்னொன்று, பழம். முதுமலையிலும் நேபாளத்துச் சித்வனிலும் செய்த ஆய்வுகள் ஒரே போக்கைக் காட்டுகின்றன: பழப் பருவம் வந்தால் கரடி புற்றை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விடும். கொன்றைக் காயின் கரிய பிசின், நாவல், இலந்தை, அத்தி, இலுப்பைப் பூ, எங்கேனும் தேனடை. இந்த மாதங்களில்தான் அதற்கு உடம்பு தேறும். தின்ற விதைகளைப் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுவதால் கொன்றையும் நாவலும் காட்டில் பரவுகின்றன. சித்திரையில் மலைச்சரிவு மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தால் அதில் கரடிக்கும் ஒரு பங்கு உண்டு.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடி வந்து கடைக் கதவை உடைத்தது, கோயிலில் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்தது என்ற செய்திகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு டின் எண்ணெயில் இருக்கும் கொழுப்பைப் புற்றுகளில் தேட அந்தக் கரடி எத்தனை இரவு மண் பெயர்க்க வேண்டும்! வாழ்நாள் முழுவதும் வரவு செலவு இழுபறியில் இருக்கும் ஓர் உடம்பு, எண்ணெயையும் வெல்லத்தையும் ஒருமுறை சுவைத்துவிட்டால் மறக்காது. அதைக் குற்றவாளியாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பண்டங்களைப் பூட்டிவைப்பதும் குப்பையை மூடிவைப்பதும்தான் அங்கே பயன் தரும்.

கரடி வித்தைக்காரர்கள் ஊர் ஊராக வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். குழந்தைக்குப் பயம் தெளிய வேண்டுமென்று கரடி முடி வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டியவர்கள் நம் பாட்டிகள். கரடியை இழுத்து வந்த கயிறு எதில் கட்டப்பட்டிருந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய ஊசியால் முகத்தைத் துளைத்து, அந்தத் துளையில் கயிற்றைக் கோத்திருப்பார்கள். எந்த முகம்? கறையானை உறிஞ்சிக் குடிக்க இத்தனை லட்சம் ஆண்டுகளாகச் செதுக்கப்பட்ட அதே மூக்கும் உதடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இது பல்லாண்டு தொடர்ந்தது. வித்தை காட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழில் ஏற்படுத்திக் கொடுத்தபடியே கரடிகளை மீட்ட முயற்சியின் முடிவில், 2009 டிசம்பரில் கடைசி வித்தைக் கரடி பெங்களூரு அருகே பன்னேர்கட்டாவுக்கு வந்து சேர்ந்தது.

வங்காநரிக்கு இந்தக் கருவிகள் எதுவும் வேண்டியதில்லை. புற்றை உடைக்கும் வலிமை அதற்குக் கிடையாது. வெளியே வருவதைப் பிடித்தால் போதும். அந்தி சாயும்போது வளையை விட்டுக் கிளம்பும். குட்டைப் புல்லுக்குள் மெல்ல நடந்து, அந்தப் பெரிய காதுகளால் வெட்டுக்கிளியின் சலசலப்பையும் வெள்ளெலியின் அசைவையும் கேட்கும். ஒரு துள்ளல், ஒரு கவ்வல். முதல் மழை விட்ட மாலையில் ஈசல் புறப்பட்டால் அதற்கு அன்று திருநாள். ஈசலை வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்னும் வழக்கம் நம் கிராமங்களிலும் இருப்பதால், அந்த மாலையில் மனிதரும் நரியும் ஆந்தையும் ஒரே பந்தியில்தான் இருக்கிறார்கள்.

வங்காநரியின் வாழ்க்கையை இந்தியாவில் முதலில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர்; பின்னாளில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே உருவாக்கினார். 2024இல் காலமானார். செந்நாய் ஆய்வுக்காக உலகம் அவரை அறியும். அதற்கு முன்பே தெற்கத்திக் கரட்டு நிலத்தில் வங்காநரிகளைக் கவனித்து, 1978இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். எலி, நண்டு, ஓணான், வண்டு, கறையான், தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டை, இலந்தை, நாவல், மாம்பழம் என்று அந்த நரி எதையும் விட்டுவைப்பதில்லை என்பது அத்தகைய கவனிப்புகளால் நமக்குத் தெரியவந்தது. புலியும் யானையும் உள்ள நாட்டில், ஊருக்கு வெளியே திரியும் 3 கிலோ விலங்கைப் பார்ப்பதற்கென்று இரவுகளை ஒதுக்கிய மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

உடம்பின் அளவு பிள்ளை வளர்ப்பையும் மாற்றிவிடுகிறது. தேன்கரடி தனிக்கட்டை. தாய் பாறைக் குகையிலோ தோண்டிய பள்ளத்திலோ பெரும்பாலும் இரண்டு குட்டி ஈனும். சில வாரங்கள் குகைக்குள் வளர்ந்த பின் வெளியே வரும்போது குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. முதுகில் தோளருகே மயிர் அடர்ந்து நீண்டிருக்கும். அதைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் சவாரி. குட்டிகளை இப்படி வழக்கமாகச் சுமப்பது கரடி இனங்களில் இது ஒன்றுதான். புற்றுக்குப் புற்று தொலைவு நடந்தே ஆக வேண்டிய தாய், புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் குட்டியை விட்டுவிட்டும் போக முடியாது, அதன் நடைக்குக் காத்திருக்கவும் முடியாது. முதுகு அதற்கு நல்ல தீர்வு.

வங்காநரிக்குத் தன் வளையே பாதுகாப்பு. ஆணும் பெட்டையும் இணையாக வாழும். பல வாசல்கள் உள்ள வளை. ஒரு வாசலில் எதிரி நின்றால் இன்னொன்றின் வழியே வெளியேறலாம். ஒரே வளையை ஆண்டுக்கு ஆண்டு செப்பனிட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. கார்த்திகை முதல் தை வரை இணைசேரும் காலம். ஐம்பது நாளுக்குச் சற்று மேல் கர்ப்பம். மாசி, பங்குனி வாக்கில் இரண்டு முதல் நான்கு குட்டிகள். தாயும் தகப்பனும் சேர்ந்துதான் காவல் காப்பார்கள், இரை கொண்டுவருவார்கள்.

ஆபத்து வந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தில் உள்ள வித்தியாசம் மனித உயிர் சம்பந்தப்பட்டது. வங்காநரி ஓடி ஒளியும். மனிதரைத் தாக்காது. தேன்கரடி நின்று பாயும். புலியோடு ஒரே காட்டில் நெடுங்காலம் வாழ்ந்த விலங்கு அது. மரமேறத் தெரிந்தாலும் ஆபத்தில் அதை நம்புவதில்லை, முந்திக்கொண்டு பாய்ந்து மிரட்டுவதையே நம்புகிறது. அதோடு, உறிஞ்சும் இரைச்சலில் மூழ்கியிருக்கும்போது மனிதர் நெருங்குவது அதற்குக் கேட்காது. பத்தடி தூரத்தில் திடுக்கிட்டு நிமிரும். காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும். ஜவ்வாது மலை அடிவாரத்திலும் நீலகிரியிலும் விடியற்காலையில் தனியாக நடப்பவர்கள் பேசிக்கொண்டோ கம்பைத் தட்டிக்கொண்டோ போவது வெறும் பழக்கமில்லை; கரடிக்கு முன்கூட்டியே செய்தி சொல்லும் முறை அது.

இலங்கையைப் பார்த்தால் இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பக்கம் கிடைக்கிறது. யால, வில்பத்து காடுகளில் தேன்கரடி உண்டு. ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் மரமேறிக் கிளைகளில் உட்கார்ந்து தின்பதைக் காணவே பயணிகள் வருவார்கள். வங்காநரி அந்தத் தீவில் இல்லவே இல்லை. புதுச்சேரியை ஒட்டிய கடற்கரைக் கோயில் காடுகளிலும் அதே பாலை மரம் நிற்கிறது. இங்கே அதன் கீழே வந்து நிற்கக் கரடி இல்லை. காடு துண்டு துண்டாகிவிட்ட இடத்தில் மரம் மட்டும் மிஞ்சும். அத்தனை பெரிய பசிக்கு நாலு ஏக்கர் தோப்பு போதாது.

கரடிக்குக் காடு வேண்டும், குகையுள்ள பாறை வேண்டும் என்பதை அரசுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கர்நாடகத்தில் ஹம்பிக்கு அருகே தரோஜியில் 1994இல் கரடிக்கென்றே சரணாலயம் அமைத்தார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் அந்த நிலத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்: உருண்டைப் பாறைக் குவியல், இடையே முட்செடி. தேன்கரடி அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருப்பது 20,000க்கும் குறைவு என்பது மதிப்பீடு. எண்ணிக்கை குறைந்தாலும் அதற்காகப் பேச ஆள் இருக்கிறது.

வங்காநரியின் பெயருக்கு நேரே ‘கவலைப்படத் தேவையில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்கு இதில் முழு மனநிறைவு இல்லை. அதற்குக் காரணம் அது வாழும் நிலம். புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், ஹென்றி கோசென் வழிகாட்டலில் இந்தியாவின் தாவரப் போர்வையை வரைபடமாக்கும் பெரும் பணியை எடுத்துக்கொண்டது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்ற அளவில் 1960களிலிருந்து வெளிவந்த அந்த வண்ணப் படங்களில் அடர்காடு, இலையுதிர்காடு, முட்புதர், புல்வெளி ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. புதரும் புல்லும் அங்கே ஒரு தாவர வகையாக மதிக்கப்பட்டன. பின்னாளில், 2000 முதல் மைய அரசு பலமுறை வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில் அத்தகைய நிலங்களில் பெரும்பகுதி ‘தரிசு’ ஆகிவிட்டது. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதைச் செய்தாலும் வளர்ச்சிதான்: தைலமரம் நடலாம், சோலார் தகடு பதிக்கலாம், மனை போடலாம். ஆய்வாளர்கள் எம்.டி. மதுசூதனும் அபி தமீம் வனக்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணித்தபடி, இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடு இப்படிப்பட்ட வறண்ட திறந்தவெளி. அதில் சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் வருவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அடர்ந்த மரம் இருந்தால்தான் இயற்கை என்று நாம் பழகிவிட்ட பழக்கத்துக்கு விலை கொடுப்பது வங்காநரி.

ஊரோடு ஒட்டி வாழ்வதால் அதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் கொட்டும் எச்சில் உணவில் தெருநாய்கள் பெருகுகின்றன. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் அருகே நான்ஜ் புல்வெளியில் வனக்கும் கூட்டாளிகளும் நரிகளுக்கு இரைத்தட்டு வைத்து, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு நாயை அருகே நிறுத்திப் பார்த்தார்கள். நாய் தொடக்கூட இல்லை. அது அங்கே இருப்பதே நரி தின்பதைக் குறைத்துவிட்டது. கடி, வெறிநாய்க்கடி நோய், டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் இவையெல்லாம் அதற்கு மேல். மார்க்கெட் கழிவும் கல்யாண மண்டபத்துக் கழிவும் ஊர் எல்லையில் எப்படிக் கொட்டப்படுகின்றன என்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு வளையின் குட்டிகள் பிழைக்குமா என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

வாழப்பாடி வட்டாரத்து ஊர்களில் பொங்கலை ஒட்டி வங்காநரி ஜல்லிக்கட்டு நடத்தி வந்தார்கள். வலை விரித்து நரியைப் பிடித்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து, கயிறு கட்டி ஓடவிட்டு, பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். ‘நரி முகத்தில் விழித்தவன்’ என்று அதிர்ஷ்டக்காரனைச் சொல்கிறோமே, அந்த நம்பிக்கையின் முழு வடிவம் அங்கே இருந்தது. சட்டப்படி இது குற்றம். வனத்துறை எச்சரித்தும் அபராதம் விதித்தும் தடுத்து வருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு நரிமேல் வெறுப்பு இல்லை. அதைக் கண்டால் நல்லது நடக்கும் என்றே நம்பினார்கள். ஆனால் தை மாதம் பல பெட்டைகள் கருவுற்றிருக்கும் காலம். ஓட்டமும் நெரிசலும் மேளச் சத்தமும் அந்த உடம்புக்கு என்ன செய்யும் என்பதை அந்த அன்போடு சேர்த்து எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். அதிர்ஷ்டம் வேண்டுமென்றால் மேட்டில் வளை இருக்கும் இடத்தைத் தொலைவிலிருந்தே விடியலில் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படிப்பட்ட வளை எங்கே அமையும்? நான்ஜ் பகுதியில் கிரீஷ் பஞ்சாபி, ரவி செல்லம், வனக் மூவரும் வளைகளைத் தேடி ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். இயற்கையான புல்வெளியைத்தான் நரிகள் நாடின. அதிலும் மழைநீரைத் தேக்க மனிதர் தோண்டிப் போட்ட மண்மேடுகளில், சுற்றிலும் தடையின்றிப் பார்வை போகும் இடங்களில் அதிகம் வளை எடுத்தன. கரடிக்கு நாம் குகையையும் காட்டையும் செய்து கொடுக்க முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். வங்காநரிக்கு வேண்டியவை ஒரு வரப்பு, குட்டைப் புல், மறைக்காத பார்வை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் வரை ஏரிக்கரைகளும் மேய்ச்சல் புறம்போக்குகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றில் மரக்கன்று நடக் குழி எடுப்பதற்கு முன் ஒரு நாள் மாலை அங்கே நடந்து, புது மண் தள்ளியிருக்கும் வளை வாசலும் அருகே இலந்தைக் கொட்டை கலந்த எச்சமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கன்றுகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.